செட்டிங்ஸிலிருந்து இன்னொரு திரை திறக்க மாட்டேன் என்கிறது

வணக்கம். என் ஆண்ட்ராய்டு ஆப்பின் செட்டிங்ஸில் ‘எங்களைப் பற்றி’ என்ற வரியைத் தொட்டால் தனி ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரை) திறக்க வேண்டும். செட்டிங்ஸ் வரிகளை அடுக்கும் ப்ரெஃபரன்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலில் அந்த வரிக்குள்ளேயே, எதைத் திறப்பது என்று சொல்லும் இன்டென்ட் டேக் போட்டு, டார்கெட் பேக்கேஜ், டார்கெட் கிளாஸ் இரண்டும் கொடுத்திருக்கிறேன். வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில் ஒழுங்காகத் திறக்கிறது. சோதித்துப் பார்ப்பதற்கான டீபக் பில்டில் தொட்டவுடன் ஆப் க்ராஷ்; லாக்கேட் பதிவில் ‘ஆக்டிவிட்டி நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’. ஆக்டிவிட்டிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் ஃபைலை மூன்று முறை பார்த்துவிட்டேன், ஆக்டிவிட்டி அங்கேதான் இருக்கிறது!

டீபக்கில் அப்ளிகேஷன் ஐடியின் (ஆப்பின் பேக்கேஜ் பெயர்) வாலில் ‘.டீபக்’ ஒட்டிக்கொள்கிறது, எக்ஸ்எம்எல்லிலோ பழைய பெயரே கிடக்கிறது. என் சந்தேகம் அதன்மேல்தான். புரோகிராம் கோடிலேயே, தொட்டால் திரையைத் திறக்கும் கிளிக் லிஸனர் வைக்கலாம், சரி. ஆனால் இப்படிப் பத்து வரிகள் இருக்கின்றன, சோம்பலாக இருக்கிறது. பேக்கேஜ் பெயரை, பில்ட் செய்யும் கருவியான கிரேடிலிலிருந்து ஸ்ட்ரிங் ரிசோர்ஸாக (எக்ஸ்எம்எல்லில் பெயர் சொல்லி எடுக்கும் எழுத்துத் தொடர்) கொடுத்தால் அந்த டேக் எடுத்துக்கொள்ளுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.