ஜெர்மனியில் முதல் இரண்டு வாரம்: எதை முதலில் முடிப்பது?

செம்மண்தூசி கேட்டது:

முதுகலை படிக்க செப்டம்பர் 24 அன்று மாக்டெபுர்க் வந்து சேர்கிறேன். மாணவர் விடுதி அறை அக்டோபர் 1 முதல்தான். அதுவரை பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டலில் தங்கல். பிளாக்ட் அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு) 11,904 யூரோ கட்டியாச்சு. ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு), வங்கிக் கணக்கு, காப்பீடு, விசா நீட்டிப்பு என்று ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். எது எதற்கு முன்னால்? இன்னொன்று, மிக்ஸியும் குக்கரும் கொண்டு வரலாமா? 23 கிலோ பெட்டி ரெண்டு அனுமதி.

---

எல்பக்கரை பதில்:

குழப்பத்துக்குக் காரணம் இதுதான்: அங்கே பாதி வேலைகள் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கும், மீதி வேலைகள் தபாலில் வரும் கடிதத்தை நம்பி நடக்கும். ஆகவே ஹாஸ்டல் முகவரியை வைத்து எதையும் தொடங்காதீர்கள். ஆன்மெல்டுங்குக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீடு தருபவர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற ஒரு பக்கத் தாள் வேண்டும். ஹாஸ்டல்காரர்கள் பொதுவாக அதைத் தர மாட்டார்கள். விடுதி அலுவலகம் சாவியோடு சேர்த்தே தரும், தராவிட்டால் அங்கேயே நின்று கேட்டு வாங்குங்கள்.

குடியேறிய நாளிலிருந்து 2 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு அந்தக் கணக்கு அக்டோபர் 1 அன்று தொடங்கும். நகராட்சிச் சேவை மையத்தின் இணையதளத்தில் அப்பாயின்ட்மென்ட்டை ஊரிலிருந்தே போட்டுவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஊர்களில் இடமே கிடைக்காது. 2 வாரத்துக்குள் தேதி அமையாவிட்டால் முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் என்று பதிவானால், பின்னால் வருமான வரி கட்டும் நிலை வரும்போது அந்த வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரியாகப் பிடிப்பார்கள். அது எதற்கென்று தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.

அடுத்தது தபால்பெட்டி. விடுதிக்குள் நுழைந்த அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். அறை எண்ணைப் பார்த்துப் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். நம் ஊர் இனிஷியல் சிக்கலும் இங்கேதான் வரும். கடிதம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு வரும், பெட்டியில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். ரெண்டையும் எழுதுங்கள். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் பின் எண் இன்னொன்றிலும் வரும். ஒன்று திரும்பிப் போனாலும் இன்னொன்றால் பயனில்லை.

வங்கி நடப்புக் கணக்கைப் பதிவுக்குப் பிறகு திறப்பது நிம்மதி. அடையாளச் சரிபார்ப்பு வீடியோவில் இந்தியப் பாஸ்போர்ட்டை ஏற்காவிட்டால், தபால் நிலையத்தில் நேரில் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு எண் வந்ததும் பிளாக்ட் அக்கவுண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினால் மாதம் 992 யூரோ விடுவிப்பார்கள். முதல் தவணை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், ஆனால் முன்பணமும் முதல் வாடகையும் அதுவரை காத்திருக்காது. ஃபாரெக்ஸ் கார்டில் 1,200 முதல் 1,500 யூரோ தனியாகக் கொண்டு வாருங்கள்.

காப்பீடு: 30 வயதுக்குள் என்றால் அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம், மாதம் 140 யூரோவுக்கு மேல். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தெரிவிப்பார்கள், அது போகாமல் சேர்க்கை முடியாது. மாணவர் காப்பீடு அக்டோபர் 1 அன்றுதான் தொடங்கும், எனவே செப்டம்பர் 24 முதல் 30 வரைக்குப் பயணக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். விலை குறைவு என்று தனியார் காப்பீட்டுக்காகப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கினால், படிப்பு முடியும்வரை மாணவராகத் திரும்பிச் சேர முடியாது. பலர் சறுக்கும் இடம் இது.

விசா நீட்டிப்பு கடைசி. ஆனால் விசாவில் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கருதும்.

---

கடுகுவெடி பதில்:

மிக்ஸி தாராளமா கொண்டு வாங்க. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் பொருந்தாது. நம்ம மூணு உருண்டைப் பின் பிளக்குக்கு அடாப்டரை இந்தியாவிலேயே, எர்த் உள்ளதா பார்த்து ரெண்டு வாங்கிடுங்க. அங்க கடையில கிடைக்கிற பயண அடாப்டர்ல நம்ம பிளக் பெரும்பாலும் நுழையாது. ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் மிக்ஸியைத் தொடாதீங்க. ஞாயிறு முழுக்கவே அமைதி நாள்தான்.

குக்கர் வாங்கும்போது அடி தட்டையா, இண்டக்ஷனுக்கு ஏத்த ஸ்டீல்னு பாருங்க. அலுமினியக் குக்கர் கண்ணாடித் தட்டு அடுப்புல சூடாகும், இண்டக்ஷன்ல உயிரே வராது. விடுதியில எந்த அடுப்புன்னு முன்கூட்டித் தெரியாது, அதனால ஸ்டீலே எடுங்க. கண்ணாடித் தட்டு அணைச்ச பிறகும் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். மூணு விசில் கணக்குன்னா ரெண்டாவதிலேயே அணைங்க, இல்லேன்னா சாதம் குழைஞ்சிடும்.

தாளிக்கும்போது புகை வந்தா பதறிப்போய் சமையலறைக் கதவைத் திறப்போம் பாருங்க, அதைத்தான் செய்யக் கூடாது. நடைபாதையில இருக்கிற புகை உணரி அலறிடும். சில விடுதிகள்ல அது தீயணைப்பு நிலையத்தோட இணைஞ்சிருக்கும், வீணா வந்த வண்டிக்கான செலவு உங்க தலையில விழலாம். கதவை மூடி, ஜன்னலை முழுசாத் திறந்து, எண்ணெய் புகையுறதுக்கு முன்னாடியே கடுகைப் போட்டு மூடிடுங்க.

---

ரூர்வாசி பதில்:

தம்பி, ரண்டு விசயம் விடுபட்டுப் போச்சு. பதிஞ்சு சில கிழமையில 'ருண்ட்ஃபுங்க்பைட்ராக்' எண்டு ஒரு கடிதம் வரும். ரேடியோ, டிவி கட்டணம், மாதம் 18.36 யூரோ. ஏமாத்துக் கடிதம் எண்டு குப்பையில போட வேண்டாம், டிவி இல்லாட்டியும் கட்டோணும். அது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. மூண்டு பேர் ஒரே வீட்டைப் பகிர்ந்தால் ஒராள் கட்டினால் காணும், மற்ற ரண்டு பேரும் அவற்ற கட்டண எண்ணைக் குறிச்சுப் பதில் அனுப்போணும். பொது நடையில இருந்து நேரா உங்கட அறைக்குள்ள போறதெண்டால் அந்த அறையே தனி வீடாகத்தான் கணக்கு.

வந்த முதல் கிழமையே சாமானை வாங்கி வையுங்கோ. ஞாயிறு கடை பூட்டு, அக்டோபர் 3-உம் நாடு முழுக்க விடுமுறை. பெரிய ரயில் நிலையத்துக்குள்ள இருக்கிற கடைகள் போல சிலது மட்டும் திறந்திருக்கும். எங்கட ஆக்களின்ர கடைகள் மேற்குப் பக்கம்தான் கூட, டோர்ட்முண்ட், எஸ்ஸன் போல. உங்களுக்குக் கிட்ட பெர்லின், வட்டார ரயிலில ஒண்டே முக்கால் மணித்தியாலம் மட்டில. டொய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க வட்டார ரயில், பஸ்ஸுக்குச் செல்லுற மாதச் சீட்டு) இருந்தால் தனிக் காசு இல்லை. அரிசி, உழுந்து, புளி எண்டு பெட்டியை நிரப்பிப் பாரத்தைக் கூட்டாதேங்கோ.

---

செம்மண்தூசி:

அனைவருக்கும் நன்றி. விடுதி ஒப்பந்தத்தில் 'பூஞ்சை வந்தால் வாடகைதாரர் பொறுப்பு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. புதுக் கட்டடத்தில் எப்படிப் பூஞ்சை வரும்? குளிரில் இட்லி மாவு புளிக்குமா?

---

கடுகுவெடி பதில்:

புதுக் கட்டடத்துலயும் வரும். ஜன்னல் அவ்வளவு இறுக்கமா மூடும், சோறு வடிச்ச ஆவியும் அறைக்குள்ள காயப்போட்ட துணியோட ஈரமும் வெளியே போக வழி இல்லை. குளிர்ந்த வெளிச்சுவர் மூலையில, அலமாரிக்குப் பின்னாடி கறுப்பாப் புள்ளி விழும். தினம் ரெண்டு மூணு தடவை ஹீட்டரை அணைச்சுட்டு ஜன்னலை அகலத் திறந்து 5 நிமிஷம் விடுங்க. மேல்பக்கம் மட்டும் சாய்ச்சு நாள் முழுக்க வைக்கிறதுல பிரயோசனம் இல்லை, சுவர்தான் குளிர்ந்துபோகும். ஹீட்டர் திருகுல 3-ன்னா 20 டிகிரி மாதிரி. சீக்கிரம் சூடாகும்னு 5-ல வைக்காதீங்க, அது வேகம் இல்லை, எந்தச் சூட்டுல நிக்கணும்ங்கிற அளவு. அலமாரியைச் சுவர்லேர்ந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்க. ஈரப்பதமானி 10 யூரோவுக்குக் கிடைக்கும், 60 சதவீதம் தாண்டினா ஜன்னலைத் திறங்க.

மாவு: உப்பு போட்டு, கையால கலக்கி, ஓவனுக்குள்ள வச்சு, அதோட விளக்கை மட்டும் எரியவிட்டு, பக்கத்துல ஒரு டம்ளர் வெந்நீர். 12 மணி நேரத்துல பொங்காட்டி இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க, வெளியே எடுத்துடாதீங்க. பாத்திரத்துல பாதியாவது காலியா இருக்கணும். ஓவன் கதவுல ஜெர்மன்லயும் இங்கிலீஷ்லயும் 'உள்ளே உணவு இருக்கு'ன்னு சீட்டு ஒட்டிடுங்க. பொதுச் சமையலறையில யாராவது பீட்சாவுக்கு 220 டிகிரி வச்சுட்டுப் போயிடுவாங்க.