மைட்டோகாண்ட்ரியா நோயோடு உடற்பயிற்சி: எங்கள் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி:

எனக்கு 43 வயதாகிறது. 36 வயதில் சர்க்கரை நோயும் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் காது மந்தமும் வந்தபோது, என் அம்மாவுக்கும் இவை இரண்டும் இருந்ததால், வீட்டில் எல்லோரும் குடும்ப வாகு என்றே எடுத்துக்கொண்டோம். மாடிப்படி ஏறினால் தொடைகள் எரிவதையும், துணி காயப்போடக் கையை உயர்த்தினால் தோள் ஓய்ந்துவிடுவதையும் நான் சர்க்கரையின் கணக்கில் எழுதிவந்தேன். பிறகு சிறுநீர் மாதிரியைக் கொண்டு செய்த மரபணுப் பரிசோதனையில்தான், உயிரணுக்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 3243-ஆம் இடத்தில் அடினின் என்ற மரபெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குவானின் என்ற வேறு எழுத்து இருப்பதும், அது தாய்வழியாக வந்திருப்பதும் தெரிந்தது.

அதற்கு முன்பே ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர், என் வயதுக்கு இதயத் துடிப்பு இவ்வளவு வரலாம் என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டி, நடைக்கருவியில் ஏற்றிவிட்டார். நான் நிறுத்தக் கேட்டபோதெல்லாம், "இன்னும் இரண்டே நிமிடம், மேடம்" என்றார். அன்று மாலை வீட்டுப் படியில் உட்கார்ந்தவள் கைப்பிடித்துத் தூக்கிவிட்டபின்தான் எழுந்தேன், இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். அந்தப் பயத்தில் ஓராண்டுக்கு மேல் எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்துவிட்டேன். அது இன்னொரு தவறு என்பது, குளியலறையில் பாதி நிரம்பிய வாளியை நகர்த்த முடியாமல் போன நாளில்தான் எனக்கு உறைத்தது.

நோய் தெரிந்தபின் என்னைப் பார்த்த இயன்முறை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். "பயிற்சி செய்த மறுநாள் காலையில் உங்களால் தலை பின்னிக்கொள்ள முடிகிறதா, அம்மா?" என்று கேட்டார். இசிஜியும் எக்கோவும் எடுத்து, இதயத்தில் பாதிப்பு இல்லை என்று உறுதியான பிறகே பயிற்சியைத் தொடங்கினார். இரத்தம் கொண்டுவந்து கொடுக்கும் ஆக்ஸிஜனை எங்கள் தசைகளால் முழுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை என்பதையும், அதனால் சிறு வேலைக்கே இதயம் வேகமாகத் துடிக்கிறது என்பதையும், ஆகவே அந்தச் சுவர் அட்டவணை எனக்குப் பொருந்தாது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அசையாமல் இருந்தால் தசையில் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் குறைந்துபோகும் என்றார். உழைப்பின் சிரமத்தை 6 முதல் 20 வரை நாமே மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அதில் நான் 13-ஐத் தாண்டக் கூடாது, பேச்சு தடைபடும் அளவுக்கு மூச்சு வாங்கக் கூடாது என்பது அவர் எனக்கு வகுத்த எல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கும் சிறிய பெடல் கருவி ஒன்றை வாங்கினோம். மொசைக் தரையில் ஒவ்வொரு மிதிக்கும் அது முன்னால் வழுக்கிக்கொண்டு போனதால், அடியில் பழைய சாக்கை நான்காக மடித்துப் போட்டு, கருவியை நாற்காலியின் முன்காலோடு கயிற்றால் கட்டினேன். ஒரு நிமிடம் மிதிப்பது, இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை என்று தொடங்கினேன். ஒரு வாரம் முழுவதும் மறுநாள் காலையில் தலை பின்ன முடிந்தால் மட்டுமே அரை நிமிடம் கூட்டுவேன். ஏழு மாதங்களில் மூன்று நிமிடம் மிதிப்பு, மூன்று நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று என்ற அளவுக்கு வந்திருக்கிறேன். வெறும் வயிற்றில் ஒருபோதும் செய்வதில்லை. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே உட்காருகிறேன்.

டென்மார்க்கில் 20 நோயாளிகளை 12 வாரங்கள் சைக்கிள் மிதிக்கவைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களுடைய உடல்திறன் கூடியது, பயிற்சியால் கேடு விளையவில்லை என்பதே அதன் முடிவு. அதைக் கேட்டபின்தான் என் கணவருக்கும் அச்சம் தீர்ந்தது.

கோவையிலிருந்து ஒரு தாய்:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துக் கண் கலங்கினேன். என் மகனுக்குக் கேர்ன்ஸ்–சேயர் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய். இதயத்தின் மின் ஓட்டம் தடைபட்டதால் 14 வயதில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அதன்பின் பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தாலே, அவனை மரத்தடியில் உட்காரவைத்து மதிப்பெண் குறிக்கச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அக்கறையோடுதான் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆறு மாதம் ஒரு பிள்ளை மற்றவர்களின் ஆட்டத்தையே எழுதிக்கொண்டிருந்தால் அவன் மனம் என்ன பாடுபடும்?

புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர் இதய மருத்துவரின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, அவனுக்குப் போச்சியா ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் இந்த ஆட்டத்தை உட்கார்ந்தபடியே ஆடலாம். வெள்ளைப் பந்துக்கு அருகில் தன் ஆறு பந்துகளையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒற்றையர் ஆட்டம் நான்கு சுற்றுகள்தான். எதிராளி எறியும் நேரமெல்லாம் இவனுக்கு ஓய்வாக அமைந்துவிடுகிறது, மார்பில் அடிபடும் அபாயமும் இல்லை. இப்போது எங்கள் கூடத்தில் துணிப்பந்துகளை வைத்துத் தன் தங்கையோடு ஆடுகிறான். களைத்தால் தானே, "அம்மா, இந்தச் சுற்றோடு போதும்" என்று சொல்லிவிடுகிறான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவன் பழகியதே எனக்குப் பெரிய நிம்மதி.

மதுரையிலிருந்து ஓர் அன்பர்:

எனக்குக் கண் தசைகளில்தான் பாதிப்பு அதிகம். பொழுது ஏற ஏற இமைகள் தொங்கிவிடுவதால், மாலை நடையில் இருமுறை தடுக்கி விழுந்தேன். இப்போது வெயில் ஏறுமுன், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்கிறேன். நான்கு மூலைகளிலும் நாற்காலி போட்டிருக்கிறேன். சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும். காய்ச்சல் வந்து பயிற்சி விட்டுப்போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

திருச்சி சகோதரியின் மறுமொழி:

ஐயா, காய்ச்சலின்போது பெடலைத் தொடுவதே இல்லை. உடல் தேறி இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டபின், விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி அளவில் தொடங்குகிறேன். பயிற்சியை நிறுத்தினால் பெற்ற பலனும் கரைந்துவிடும் என்பதால் மனம் அவசரப்படும்தான். ஆனாலும் சென்ற கார்த்திகையில் அப்படி அவசரப்பட்டு ஒரு வாரத்தை இழந்தேன். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: பயிற்சிக்குப்பின் தசைவலி கடுமையாகி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.