சார்லி பார்க்கர் ஜாஸ் விழாவுக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

ஜெர்சிசிட்டி_குமரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருக்கிறார், செப்டம்பர் நடுவில் ஊருக்குத் திரும்புகிறார். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் எல்லாம் காட்டிவிட்டேன், எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. கச்சேரி கேட்டே வளர்ந்த மனிதர், திருவையாறு ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிடுவார். ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் இலவசமாக, ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் பெயரில் ஜாஸ் விழா நடக்கிறது, டிக்கெட்டே கிடையாது என்று கேள்விப்பட்டேன். ஆனால் அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. ஜாஸ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் அரைகுறைதான். கூட்டிப் போனால் உட்கார்ந்து கேட்பாரா? இரண்டு பூங்காக்களில் நடக்கிறதாமே, எது வசதி?

அவென்யூபி_வாசி:

தாராளமாகக் கூட்டி வாருங்கள். நான் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் ஒன்பது வருஷமாக இருக்கிறேன், ஒரு வருஷம்கூட விட்டதில்லை. விழா 1993இல் தொடங்கியது. வழக்கமாக வெள்ளி, சனி ஹார்லெம் பகுதியில் மார்கஸ் கார்வி பூங்காவில், ஞாயிறு மதியம் இங்கே. பார்க்கரின் பிறந்தநாள் ஆகஸ்ட் 29, அதனால்தான் இந்த மாதக் கடைசி. அவர் 1950 முதல் 1954 வரை குடியிருந்த வீடு பூங்காவின் கிழக்கு ஓரத்திலேயே இருக்கிறது, அவென்யூ பி, 151ஆம் எண், கீழ்த்தளம். அந்தத் தெருப் பகுதிக்கே சார்லி பார்க்கர் பிளேஸ் என்று பெயர். உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்க்கலாம். அந்த மனிதர் நடந்த தெருவில், அவர் வீட்டுக்கு எதிரில், காசு வாங்காமல் அவர் வாசித்த சங்கீதத்தை வாசிக்கிறார்கள். எனக்கு இது கோயில் வாசலில் நாயனம் கேட்பது போலத்தான்.

ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் ரயிலில் 14ஆம் தெருவில் இறங்கி எல் ரயில் பிடியுங்கள். ஃபர்ஸ்ட் அவென்யூ நிலையத்தில் அவென்யூ ஏ பக்கம் இருக்கும் வாசலில் லிஃப்ட் உண்டு, அங்கிருந்து தெற்கே நாலு தெரு நடந்தால் பூங்கா. மேடைக்கு முன்னால் பெரும்பாலும் தரைதான், அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி அவசியம். ஒரு மணி நேரம் முன்பே வந்தால் எல்ம் மரங்களின் நிழலில் இடம் பிடிக்கலாம். ஆகஸ்ட் புழுக்கம் தெரியும்தானே, தண்ணீர் நிறைய எடுத்து வாருங்கள். ஒரு தடவை பாதிக் கச்சேரியில் இடி மழை வந்து எல்லோரும் நனைந்து ஓடினோம், அதனால் குடையும்.

லெனாக்ஸ்_ரசிகை:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முழங்கால் வலி என்றால் ஹார்லெம்தான் நல்லது. மார்கஸ் கார்வி பூங்காவில் திறந்தவெளி அரங்கம், இருக்கைகள் உண்டு, நாற்காலி தூக்கி அலைய வேண்டாம். வேர்ல்டு டிரேடு சென்டரில் பாத் ரயிலை விட்டு இறங்கி 2 அல்லது 3ஆம் எண் ரயிலில் 125ஆம் தெரு வந்துவிடுங்கள். 1969 கோடையில் நீனா சிமோனும் ஸ்டீவி வொண்டரும் பாடிய ஹார்லெம் கலாசார விழா இதே பூங்காவில்தான் நடந்தது, அப்போது இதற்கு மவுண்ட் மாரிஸ் பார்க் என்று பெயர். இங்கே கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி என்று ஞாயிறு சர்ச்சுக்குப் போகிற மாதிரி வருவார்கள். போன தடவை எனக்கு முன் வரிசையில் ஒரு பாட்டி, ஒவ்வொருவர் வாசித்து முடித்ததும் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். உங்கள் அப்பா அங்கே அந்நியமாக உணர மாட்டார்.

தனி_ஆவர்த்தனம்:

குமரன் தம்பி, இடத்தை விடு, எப்படிக் கேட்பது என்று அவருக்கு ரெண்டு வார்த்தை சொல்லிக் கூட்டிப் போ. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் நிச்சயம் கேட்டிருப்பார். அவர் கையில் இருந்த அதே ஆல்டோ சாக்ஸ்தான் பார்க்கரும் வாசித்தது, அங்கிருந்து ஆரம்பி. அப்புறம் இதைச் சொல்: முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராக மனோதர்மம், கடைசியில் மறுபடி மெட்டு. பாட்டின் சுற்று பெரும்பாலும் 12 பார் (தாளத்தின் ஒரு சிறு கூறு) அல்லது 32 பார், ஒரு பாருக்கு அநேகமாக 4 எண்ணிக்கை, ஆவர்த்தனம் போல அது திரும்பத் திரும்ப வரும். வாசிப்பவர் எங்கே பறந்தாலும் அந்தச் சுற்று உடையாது. கணக்கு தவறினால் பெரிய பாஸ் வயலினைக் கவனிக்கச் சொல், அது ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நடந்துகொண்டே இருக்கும். முடிவுக்குச் சற்று முன்னால் சாக்ஸும் டிரம்ஸும் நாலு நாலு பாராக மாறி மாறி வாசிப்பார்கள். மிருதங்கமும் கடமும் தனியில் பேசிக்கொள்வதைக் கேட்டவருக்கு அது உடனே பிடிபடும். ஒருவர் வாசித்து முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டலாம், அது இங்கே மரியாதை.

ஜெர்சிசிட்டி_குமரன்:

எல்லோருக்கும் நன்றி, போய்வந்துவிட்டோம். சனிக்கிழமை ஹார்லெம். முதல் பாட்டில் அப்பா சும்மாதான் இருந்தார். இரண்டாவதில் கை தானாகத் தொடைக்குப் போய்விட்டது, விரல் எண்ணி ஆதி தாளம் போட்டார், சுற்று திரும்பும் இடத்தில் சரியாக வந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, தானும் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பிடித்து சுண்டுவிரலிலிருந்து தொடங்கிக் காட்டிக்கொடுத்தார். இருவருக்கும் பேச ஒரு பொது மொழி கிடையாது.

ஞாயிறு வீட்டில் ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் சாப்பிட்டதும் அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், "அந்த மனுஷன் இருந்த வீடு ஒன்று இருக்குன்னியே, வா" என்று.