வாட்ஸ்அப் குழு: சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) சேர்ந்திசை – செப்டம்பர் 24 ஏற்பாடு

லோகா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். 24ஆம் தேதி பாரம்பரிய நாள் விழாவுக்கு வரிசை முடிவாயிடுச்சு. முதல்ல தேசிய கீதம், பக்கத்து ஜூலு சர்ச் சபைப் பாடகர் குழுவோட சேர்ந்து. அடுத்தது நம்ம கும்மி. திறந்த மைதானம். மேடைக்குக் கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது.

கவிதா: அக்கா, திறந்த மைதானம்னா பதிவு பண்ண டிராக் போட்டு அதுமேல பாடிடலாமே? சத்தம் கேட்குமான்னு பயமே வேண்டாம்.

பரமு மாமா: வேணாம்மா. டிராக் போட்டா கூட்டம் வாயைத் திறக்காது, போனைத்தான் தூக்கும். இந்த ஊர்ல ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தாப் போதும், யாரும் சொல்லாமலே ஒருத்தர் கீழ்க்குரல் பிடிப்பார், அந்தப் பக்கம் ஒரு அம்மா மேலே போவாங்க. முன்பின் தெரியாதவங்க குரல் நம்ம குரலோட வந்து ஒட்டுற அந்த சுகத்துக்குத்தானே மேடை ஏறுறோம். டிராக் போட்டா அவங்களுக்கு அதுல இடமே இருக்காது.

சரோ அத்தை: அதே. கூட்டம் பாடினாத்தான் அது விழா.

கவிதா: சரி மாமா. தேசிய கீதத்துல நடுவுல தடம் மாறிடுதே, அது ஏன்? ஆஃப்ரிகான்ஸ் வரி வரும்போது ஆளுக்கு ஒரு சுருதியில நிக்குறோம்.

பரமு மாமா: அங்கே சுருதியே மாறுது. முதல் பாதி இனாக் சொன்டோங்கா 1897ல போட்ட மெட்டு. பின்பாதி பழைய ஆஃப்ரிகான்ஸ் கீதத்தோட மெட்டு. ரெண்டையும் இணைச்சு 1997ல இப்ப இருக்கிற வடிவம் வந்துச்சு. முதல் பாதி 5 கட்டை (ஜி சுருதி), பின்பாதி 2 கட்டை (டி சுருதி). தொடங்கின சுருதியிலேயே முடியாத தேசிய கீதம் உலகத்துல ரொம்பக் குறைவு.

பரமு மாமா: இப்ப கவனி. 5 கட்டைக்குப் பஞ்சமம் எது? 2 கட்டை. ஆக, பழைய 'ப'தான் புது 'ஸ'. ரெண்டு பாதியும் சங்கராபரணம்தான், ஆதார ஸட்ஜம் மட்டும் நகருது. முதல் பாதி முடிஞ்சதும் மனசுக்குள்ள 'ப'வைப் பிடிச்சு, அதையே 'ஸ'ன்னு நினைச்சுக்கிட்டு மூச்சை எடு. தடுமாறவே மாட்டே.

சரோ அத்தை: அப்ப சுருதி போடுற தம்பூரா ஆப்?

பரமு மாமா: கீதத்துக்கு ஆப் வேணாம் அக்கா. அது 5 கட்டையிலயே நின்னுக்கிட்டு பின்பாதியோட மோதும். நான் ஆர்மோனியத்துல 2 கட்டை ரீடை மட்டும் விடாம மெல்லப் பிடிக்கிறேன். முதல் பாதிக்கு அது பஞ்சமம், பின்பாதிக்கு ஸட்ஜம். ஒரே ரீடு ரெண்டுக்கும் சேரும்.

லோகா அக்கா: சபைக் குழுத் தலைவர் ஒரு தாள் அனுப்பியிருக்கார். மேற்கத்திய இசைக்குப் போடுற அஞ்சு கோடு ஒண்ணும் இல்லை, வெறும் எழுத்தும் புள்ளியும்தான்.

பரமு மாமா: அது டோனிக் சோல்ஃபா. இங்கே நிறைய சேர்ந்திசைக் குழு அதைப் பார்த்துத்தான் பாடுது. பயப்படாதீங்க, நம்ம ஸரிகமபதநிதான் அது. 'டி'ன்னு ஆங்கில எழுத்து (d) இருந்தா 'டோ', அதாவது ஸ. 'ஆர்' ரி, 'எம்' க, 'எஃப்' ம, 'எஸ்' ப, 'எல்' த, 'டீ' (t) நி. ஒண்ணு மட்டும் கவனம். நாம 'எஸ்' பார்த்தா ஸன்னு படிச்சிடுவோம், அது ப. எழுத்துக்கு நடுவுல இருக்கிற இரட்டைப் புள்ளி தாள அட்சரத்தைப் பிரிக்குது. சுருதி மாறுற இடத்துல ஒரு சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒட்டி நிக்கும். சின்னது பழைய பேர், பெரியது புதுப் பேர். நான் மேலே சொன்ன ப – ஸ கணக்கு அங்கே அச்சிலேயே இருக்கும்.

கவிதா: அட! இப்ப தாளைப் பார்த்தா புரியுது மாமா.

சரோ அத்தை: வரிகளை நான் தமிழ் எழுத்துல எழுதி வெச்சிருக்கேன். அது போதுமா?

லோகா அக்கா: பாதி போதும் அத்தை. கீதத்துல அஞ்சு மொழி: கோசா, ஜூலு, செசோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம். ஜூலுவுல 'பீ-எச்' வந்தா 'ஃப' இல்லை, 'ப' சொல்லிட்டு மூச்சை வெளியே தள்ளணும். 'டீ-எச்' வந்தாலும் அப்படித்தான், 'த' ஆக்காம மூச்சோட 'ட'. ஆஃப்ரிகான்ஸ்ல 'ஜீ' எழுத்து தொண்டையில உரசுற 'ஹ'. ப-வா, அதோட மெலிஞ்ச ஒலியான்னு தமிழ் எழுத்து பிரிச்சுக் காட்டாது, அதனால மெலிஞ்சு வர்ற இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கோங்க. சபைக் குழு அம்மா குரல் பதிவு அனுப்பறேன்னு சொன்னாங்க. பாடாம, முதல்ல வெறும் பேச்சா அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பாருங்க.

தேவன்: அக்கா, மைக் விவரம். நாம 16, அவங்க 14, மொத்தம் 30 பேர். வளைஞ்ச வரிசை மூணு, வரிசைக்கு 10 பேர். பின் ரெண்டு வரிசைக்கும் பெஞ்சு. ஆளுக்கொரு கை மைக் வேண்டவே வேண்டாம். யார் கிட்ட வெச்சுப் பாடுறாரோ அவர் குரல் மட்டும் துருத்திக்கிட்டுத் தெரியும். கண்டென்சர் மைக் ரெண்டு, முன்வரிசைக்கு 1 மீட்டர் முன்னாடி, தலைக்கு மேல உயரத்துல, பின்வரிசையைப் பார்த்து. ரெண்டு மைக்குக்கும் நடுவுல 3 மீட்டர் இருக்கணும். நெருங்கினா ஒரே குரல் ரெண்டுலயும் விழுந்து உள்ளே வெத்தா கேட்கும். மிக்சர்ல இருந்து மைக்குக்குப் போற 48 வோல்ட் ஃபேன்டம் கரண்டைப் போட மறந்தா மைக் செத்த மாதிரி கிடக்கும். மத்தியானம் வடகிழக்குக் காத்து அடிக்கும், அதனால மைக்குக்கு ரோம உறை கட்டாயம்.

தேவன்: மேடை மானிட்டர்ல, அதாவது நம்மைப் பார்த்து வைக்கிற ஸ்பீக்கர்ல, ஆர்மோனியம் மட்டும் வரட்டும். நம்ம குரலை அதுல விட்டா கீச்சுன்னு கத்தும்.

கவிதா: குரல் திரும்பக் கேட்கலைன்னா சரியாப் பாடுறோமான்னு எப்படித் தெரியும்?

பரமு மாமா: நல்ல கேள்வி. ஹால்ல சுவர் நம்ம குரலைத் திருப்பிக் கொடுக்கும். மைதானத்துல போன குரல் போனதுதான். அதனால எல்லாரும் கத்த ஆரம்பிப்பாங்க, கத்தினா சுருதி விலகும். மேடையில பக்கத்துல நிக்கிறவர் குரல் உன் காதுல விழலைன்னா நீ அதிகமாப் பாடுறேன்னு அர்த்தம், உடனே குறை. தோளோட தோள் ஒட்டி நிக்காதீங்க, ஒரு கை அகலம் விடுங்க. 'க'வும் 'நி'யும்தான் முதல்ல இறங்கும். அந்த ரெண்டையும் கொஞ்சம் தூக்கியே நினைங்க.

பரமு மாமா: இன்னொண்ணு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 50 மீட்டர் தள்ளி நிக்கிற கூட்டத்துக்கு நம்ம பாட்டு 0.15 நொடி கழிச்சுப் போகுது. அவங்க பாடுறது நம்மகிட்ட வர இன்னொரு 0.15. காதை நம்பி அவங்களோட சேர்ந்தா வரிக்கு வரி இழுபட்டு, கடைசியில பாட்டு நகராது. காது பக்கத்து ஆள்கிட்ட, கண்ணு கையசைக்கிறவர்கிட்ட.

சரோ அத்தை: மூச்சு?

லோகா அக்கா: வரி முடிவுல எல்லாரும் சேர்ந்து மூச்சு வாங்கினா பாட்டுல ஓட்டை விழும் அத்தை. முன்வரிசை நெடிலுக்கு நடுவுல எடுக்கட்டும், பின்வரிசை வேற இடத்துல. விட்ட எழுத்தைத் தேடாம, மெல்ல உள்ளே நுழைஞ்சுக்கணும். வரி 'ம்', 'ல்'னு முடியுற இடத்துல உயிரெழுத்தை நீட்டி வெச்சு, கையசைக்கிறவர் கை மூடும்போது மட்டும் அந்த மெய்யெழுத்தைச் சொல்லுங்க. ஆளாளுக்குச் சொன்னா முப்பது 'ம்' கேட்கும்.

கவிதா: கும்மிக்கு எந்தச் சுருதி? 5½ல பழகிட்டோம்.

பரமு மாமா: 5½ பெண்களுக்குச் சுகம். ஆண்களுக்கு அடி ஸ்வரம் தரையில உரசும், மேல் ஸ்தாயில எடுத்தாத் தொண்டை கிழியும். 7 கட்டைக்கு ஏத்திடலாம். பாட்டு மேல் ஸட்ஜத்தைத் தாண்டலை, கூட்டமும் சிரமமில்லாம வரும். எடுப்பு வரியை ரெண்டு தடவை நாம மட்டும் பாடுவோம், மூணாவது தடவை தேவன் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கணும். கைத்தட்டு எளிமையா இருக்கட்டும், ஆறு அட்சரத்துல ஒண்ணாவதும் நாலாவதும்.

சரோ அத்தை: ஜூலுக் குழு அதுக்கு அடவு போட்டாங்கன்னா பார்க்கணுமே! போன ஒத்திகையில அவங்க பாஸ் குரல் அடியில வந்து நின்னதும் நம்ம கும்மி ஒரு சாண் உயர்ந்துச்சு.

லோகா அக்கா: உண்மை அத்தை. அவங்க கீழ்க்குரலுக்கு இடம் விட்டு, நம்ம ஆண்கள் மெட்டோடயே இருங்க. ரெண்டு பேரும் கீழே போனா மெட்டு மறைஞ்சிடும்.

தேவன்: அன்னிக்கு ஊர் முழுக்க பிராய் அடுப்பு, அதாவது இறைச்சி சுடுற அடுப்பு, எரியும். மேடைக்குக் காத்து வர்ற பக்கம் அடுப்பு போட வேண்டாம்னு ஏற்பாட்டாளர்கிட்ட இன்னிக்கே சொல்லணும். புகை ஒரு தடவை தொண்டையில இறங்கினா அந்த மேடை போச்சு.

லோகா அக்கா: நான் போன் பண்றேன். சாப்பாடு ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சுக்கோங்க. சில்லி பைட்டும் (பஜ்ஜி மாதிரி) பன்னி சவும் (ரொட்டிக்குள்ள கறிக்குழம்பு) பாடி முடிச்ச அப்புறம். ஐஸ் தண்ணி வேணாம், சாதாத் தண்ணி. கீதம்தான் முதல் உருப்படி, மேடையில குரலைச் சூடுபண்ண நேரம் கிடைக்காது. மேடைக்குப் பின்னாடி 10 நிமிஷம்: உதடு அதிர 'ப்ர்ர்', வாய் மூடி 'ம்', அப்புறம் சரளி வரிசை ரெண்டு காலத்துல அகாரமா.

கவிதா: கரண்ட் போச்சுன்னா?

தேவன்: ஜெனரேட்டர் இருக்கு. அது எழும்ப அரை நிமிஷம் ஆகும். நிறுத்தாதீங்க. முன்வரிசை ரெண்டு அடி முன்னாடி வந்து பாடிக்கிட்டே இருங்க, கூட்டம் மீதியைப் பார்த்துக்கும்.

பரமு மாமா: ஆமா. ஆர்மோனியத்துக்குக் கரண்ட் எதுக்கு!

லோகா அக்கா: புதன்கிழமை 6 மணிக்கு ஒத்திகை, சபைக் குழுவும் வருது. சோல்ஃபா தாளைப் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் கொண்டு வாங்க. போனைப் பார்த்துப் பாடினா கண்ணு கையசைப்புக்கு வராது.

கவிதா: நான் 16 பிரதி எடுத்துடறேன் அக்கா.

சரோ அத்தை: எனக்கு ரெண்டு எடும்மா, பேத்தியும் வர்றா.