‘அரேஞ்ச்மென்ட்’: பித்தளைக் குழுவுக்கு மாற்றி எழுதுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

சிம்பொனி இசைக்குழுவுக்கு எழுதிய படைப்பை இரண்டு டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா ஆகிய ஐந்து பித்தளை ஊதுகருவிகளுக்கு மாற்றி எழுதும் ‘அரேஞ்ச்மென்ட்’ பற்றிய பாட இயலை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். இதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்மொழியப்பட்ட ‘இசைக்கோப்பு’ பின்னணி இசையமைப்புக்கும் வழங்குவதால், மூலத்தை இயற்றியவரையும் மாற்றி எழுதியவரையும் அது பிரித்துக் காட்டாது. ‘கருவிமாற்றம்’ என்றாலோ, வயலினின் சுரங்களை டிரம்பெட்டிடம் கொடுத்தால் வேலை முடிந்தது என்று மாணவர் எண்ணிவிடுவார். வயலின் அணியினர் வில்லின் திசையை ஆளுக்கொரு நேரத்தில் மாற்றி ஒரே சுரத்தை நெடுநேரம் நீட்டலாம். டிரம்பெட் வாசிப்பவருக்கு மூச்சும் வேண்டும், உதட்டுக்கு ஓய்வும் வேண்டும். ஆகவே, ஒரு டிரம்பெட் விடும் இடத்தில் மற்றது எடுக்குமாறு மெட்டைப் பங்கிட்டு, பல கருவிகள் இரட்டித்து வாசிக்கும் சுரங்களை நீக்கி, ஒரு சுரக்கூட்டு (கார்டு) மேஜரா மைனரா என்று காட்டும் அதன் மூன்றாம் சுரத்தை மட்டும் எவரேனும் ஒருவரிடம் தவறாமல் ஒப்படைக்க வேண்டும். இது புதிதாக யாத்தலே, அதாவது கட்டி அமைத்தலே.

தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைத் ‘தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலொடு’ என்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு இயற்றிய ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ படைப்பை பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922-இல் முழு இசைக்குழுவுக்கு எழுதியது விரித்தல். அதே படைப்பை எல்கர் ஹோவார்த் என்பவர் ‘பிலிப் ஜோன்ஸ்’ பித்தளைக் குழுவுக்கு எழுதியது, பியானோவை நோக்க விரித்தல், ராவெலை நோக்கத் தொகுத்தல். தொகுத்தலும் விரித்தலும் சேர்ந்த தொகைவிரி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. எனவே ‘வழியாப்பு’ என்பதைப் பொதுச்சொல்லாகவும், தொகையாப்பு, விரியாப்பு என்பவற்றை வகைகளாகவும் முன்வைக்கிறேன்.

மறுமொழி 1

ஐயா, நூற்பா பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை. யாப்பு என்றதும் மாணவருக்கு அசையும் சீரும் தளையும்தான் நினைவுக்கு வரும். பேண்டு வாசிப்பவர்களும் திரையிசைக் கலைஞர்களும் ‘அரேஞ்ச்மென்ட்’ என்றே சொல்கிறார்கள். டிரம்பெட், டியூபா என்று தயங்காமல் எழுதும் நாம் இந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

மறுமொழி 2

சிலம்பின் அரங்கேற்று காதையில் ‘குழல்வழி நின்றது யாழே’ என வருவதால், ‘வழியிசை’ எளிமையும் மரபும் உடைய சொல்லாகும்.

மறுமொழி 3

அம்மா, அந்த அடி ஒரே அரங்கில் ஒரு கருவியை மற்றொரு கருவி பின்பற்றி ஒலிப்பதைச் சொல்கிறது. ஒரு படைப்பை வேறொரு குழுவுக்காக எழுதுவதை அன்று. யாப்பு பற்றிய தடையை நான் ஒதுக்கவில்லை; ஆயினும் கட்டுதல் என்பதே அதன் வேர்ப்பொருள், இங்கு வேண்டுவதும் அதுவே. இயலில் முதல் முறை ‘அரேஞ்ச்மென்ட் எனப்படும் வழியாப்பு’ என்றும், பின்னர் ‘வழியாப்பு’ என்றும் எழுதி அனுப்புகிறேன். ‘அரேஞ்சர்’ என்பதற்கு ‘வழியாப்பாளர்’ என்று எழுத எனக்கே மனம் வரவில்லை. வியாழன் இரவுக்குள் வேறு சொல் தோன்றினால் தெரிவியுங்கள்.

மறுமொழி 4

அரேஞ்சர் என்றே இருக்கட்டும், ஐயா. அரேஞ்ச்மென்ட்டும் அப்படியே இருக்கலாம் என்பதே இன்னும் என் கருத்து.