இரவெல்லாம் ஓடும் யாட் (பாய்மரப் படகு) பந்தயம்: குழுவில் முதல் முறை சேர்கிறேன், என்ன தயார் செய்யணும்?

கேள்வி
40 அடி யாட், 8 பேர். மதியம் கிளம்பி மறுநாள் காலை முடியும். பகல் பந்தயங்களில் ஜிப் ஷீட் (முன்பாய்க் கயிறு), விஞ்ச் (கயிறு இழுக்கும் உருளை) வேலை பழக்கம். இருட்டில் கடலில் ஓடியதில்லை. லைஃப் ஜாக்கெட்டில் என்ன பார்க்கணும்? தூக்கம் கிடைக்குமா? வாந்தி மாத்திரை எப்போ போடணும்?

பதில் 1: பாய்க்கயிறு
வேர்ல்ட் செய்லிங் (உலகப் பாய்மரப் படகு அமைப்பு) விதிகளில் எந்தப் பிரிவுப் பந்தயம்னு ஸ்கிப்பரிடம் (படகுத் தலைவர்) கேளுங்க; எண் குறையக் குறையக் கெடுபிடி கூடும். எதுவானாலும் 150 நியூட்டன் மிதப்பு விசை உள்ள ஜாக்கெட், ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புக் கச்சை), விளக்கு, விசில், தொடையிடை வார் இருக்கட்டும். வார் இல்லைன்னா தண்ணியில் ஜாக்கெட் மேலே ஏறிடும், வாய் தண்ணிக்குள்ளே போயிடும்.

ஜாக்கெட்டைப் பிரிச்சு அதை ஊதவைக்கும் வாயு சிலிண்டரைக் கையால் இறுக்குங்க, அதிர்வில் மரை தளரும். அதில் பொறிச்ச மொத்த எடையைவிடத் தராசில் குறைஞ்சா வாயு கசிஞ்சிருக்கு. வாயால் ஊதி ஒரு ராத்திரி வைங்க. காலையில் தொய்ஞ்சிருந்தா அதை எடுத்துட்டுப் போகாதீங்க.

டெதர் (ஹார்னஸைப் படகோடு இணைக்கும் கயிறு) 2 மீட்டருக்கு மேல் கூடாது. 1 மீட்டரில் ஒரு கொக்கியும் இருக்கணும், இரவில் அதுதான் முக்கியம். நீளமானதில் மாட்டி விழுந்தா படகோடு தண்ணிக்குள்ளேயே இழுபடுவீங்க. கீழறைப் படிக்கட்டில் நின்னே மாட்டிட்டு மேலே வாங்க. இறங்கும்போது கீழே வந்த பிறகுதான் கழட்டணும். கொக்கி கிளீட் (கயிறு கட்டும் கட்டை) அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டா, தாங்க வேண்டிய சுமையில் சின்னப் பங்குக்கே வளைஞ்சு திறந்துடும். அதனால் அது எங்கே கிடக்குன்னு அடிக்கடி தடவிப் பாருங்க.

பதில் 2: இரவுக்காவல்
8 பேர்னா 4-4 ஆகப் பிரிப்பாங்க, இரவில் பெரும்பாலும் 3 மணி நேர வாட்ச் (காவல் முறை). முதல் ஓய்வில் ஆர்வத்தில் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தப்பு. தூக்கம் வராட்டியும் படுத்துடுங்க. விடியற்காலை 3 மணிக்கு விஞ்ச் சுற்ற ஆள் வேணும். வாட்ச் மாறுவதற்கு 15 நிமிஷம் முன்னாடி எழுப்பச் சொல்லுங்க, ஆடுகிற படகில் மழையுடை மாட்டவே 10 நிமிஷம் போகும்.

கண் இருட்டுக்குப் பழக 20-30 நிமிஷம் ஆகும். யாராவது வெள்ளை டார்ச் அடிச்சா அத்தனையும் வீண், சிவப்பு விளக்கு மட்டும் போதும். ஒரு கப்பலின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருது. உடனே சுக்கானில் இருப்பவரிடம் சொல்லுங்க.

பதில் 3: அணியம்
வாந்தி வந்த பிறகு விழுங்கின மாத்திரை வயிற்றில் நிற்காது. சின்னரிசின் மாத்திரைன்னா கிளம்ப 2 மணி நேரம் முன்பே போடணும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டைக்குக் குறைஞ்சது 4 மணி நேரம் வேணும். கண் அழுத்த நோய் இருந்தா டாக்டரிடம் கேட்காமல் ஒட்டாதீங்க. எதுவானாலும் வேறொரு நாள் கரையில் போட்டு, எவ்வளவு தூக்கம் தருதுன்னு பாருங்க.

பலருக்குக் குமட்டல் தொடங்குவதே கீழே போய்ப் பையைக் குடையும்போதுதான். வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே கம்பளித் துணியை மாட்டிடுங்க. பருத்தி வேண்டாம், நனைஞ்சா காயாது. வாந்தி வந்தா படகோரக் கம்பிக்கு மேல் எட்டிக் குனியாதீங்க, அப்படித்தான் ஆள் விழுவாங்க. வாளி கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.