மழையிலும் போகலாம் என்பவர்களிடம் ஒரு உதவி

நண்பர்கள் ஐந்து பேர், மாதம் ஒருமுறை கூட்டம் போகாத இடமாகத் தேடிப் போகிறோம். மழை, பனி என்று தள்ளிப்போடுவதில்லை. மழை ஓய்ந்த அரை மணியில் பாறையெல்லாம் பளபளக்க, பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் மேலேறுமே, அதைப் பார்க்கத்தான் இவ்வளவும்.

இடம் தேட, வரைபடத்தில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கிக் கிடக்கும் இடத்தை, அதாவது செங்குத்தான சரிவை, ஓடை வெட்டுகிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் அருவி இருக்கும். ஆனால் அங்கே போகப் பாதை உண்டா, அனுமதி வேண்டுமா என்று வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

போன முறை கணுக்கால் அளவு ஓடையைக் கடந்தோம். திரும்பும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில், சருகும் சுள்ளியுமாக வந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழையில்லை. மேலே எங்கோ பெய்திருக்கிறது! இரண்டு மணி நேரம் கரையிலேயே காத்திருந்தோம். அப்படி மாட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

அப்புறம் இடி. மின்னலுக்கும் இடிக்கும் 30 வினாடிக்குள் இடைவெளி என்றால் கூரைக்குள் போய், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் இருப்போம். கூரையே இல்லாத மலைமுகட்டில்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அடுத்த பயணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.